பிசாசின் தலையில் போட்ட பாவங்கள்

போதகர் வேலையில் பாவத்தோடு போராடுவது பாதிதான். பாவம் செய்தவர் சொல்லும் காரணத்தோடு போராடுவது மீதிப் பாதி.

மலேசியாவில் கூலாய் என்கிற ஊரில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடும் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை கூடுகிறது. நான் அதன் பாஸ்டர். சபை நடத்துகிறவர்கள், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவர்கள், வாலிபர் கூட்டத்துக்குப் பொறுப்பேற்று மாட்டிக்கொண்டவர்கள், நீங்கள் யாராக இருந்தாலும் நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

பிசாசு இல்லை என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. உண்டு என்று நம்புகிறேன். அவனை எதிர்த்து தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியது முதல் மாமியாரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது வரை எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதிவிட்டு, "ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்று வந்து நிற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தலைவலி தொடங்குகிறது.

ரூபி அக்கா வீட்டுக் கூரை

ரூபி அக்கா எங்கள் ஜெபக்குழுவின் தலைவி. நல்ல மனசு, கணீர் குரல். ஒருநாள் காலையில் போன் செய்தார். "பாஸ்டர், வீட்டுல ஆவி நடமாட்டம். மேல தடதடன்னு ஓடுது. உடனே வாங்க." மருமகன் பாலிக்குச் சுற்றுலா போய் வாங்கி வந்த மர முகமூடிதான் காரணம் என்று அவரே முடிவு செய்து, நான் போய்ச் சேருவதற்குள் அதைக் கொல்லையில் வைத்து எரித்தும் விட்டார். மருமகன் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

நானும் என் மனைவி சாந்தியும் ஹாலில் நின்று பாட ஆரம்பித்தோம். ரூபி அக்கா கணீர் குரலில் அதட்ட அதட்ட, மேலே ஓட்டமும் கூடியது. சீலிங்கிலிருந்து தூசி கொட்டியது. "பார்த்தீங்களா பாஸ்டர், எதிர்க்குது!" என்று அக்கா முழங்காலில் விழுந்தார். அப்போது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மூசாங் லா, பாஸ்டர்! குட்டி போட்டிருக்கும். சத்தம் போடாதீங்க, பாவம்" என்று மலாய் மொழியில் சொன்னார். மருமகன் ஏணி கொண்டு வந்தான். நான் ஏறி சீலிங் பலகையை நகர்த்தினேன். மூசாங் இருக்கும் இடத்தில் வருகிற பண்டான் இலை வாசனை குப்பென்று அடித்தது. இருட்டுக்குள் ஒரு மரநாயும் அதன் குட்டிகளும் என்னை முறைத்துக்கொண்டிருந்தன.

தும்மிக்கொண்டே இறங்கி வந்து, "அக்கா, மூசாங்தான்" என்றேன். மருமகன் சாம்பலைப் பார்த்தான். ரூபி அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "மூசாங்தான் பாஸ்டர், ஒத்துக்கிறேன். அதை அனுப்பினது யாரு?"

கோப ஆவி

தேவதாஸ் அண்ணன் பக்கத்து ஊர் செனாயில் இருக்கிற தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். சபையில் அவரைப்போல் சாதுவான ஆள் கிடையாது. நாற்காலி அடுக்குவார், கிழவிகளுக்குக் கை கொடுத்துப் படியில் ஏற்றுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் வேறு மனிதர். குறுக்கே வருகிறவனின் அப்பா, தாத்தா, ஊர் எல்லாம் அவர் வாயில் விழுந்து எழும். ஏறி உட்காரும் பெண்கள் புகார் செய்து, மேலாளர் கூப்பிட்டு எச்சரித்த பிறகு என்னிடம் வந்தார். "எனக்குள்ள ஒரு கோப ஆவி இருக்கு பாஸ்டர். கையை வச்சு விரட்டிடுங்க."

"அண்ணே, வீட்டுல கோபப்படுவீங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். சபையில்? இல்லையாம். "அப்படின்னா அது பஸ்ஸுலதான் குடியிருக்கா?" என்றேன். அவர் ரொம்ப யோசித்து, "இருக்கலாம் பாஸ்டர், பழைய பஸ்" என்றார். நான் விரட்டவில்லை. ஒரு பழக்கம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். யாராவது குறுக்கே வந்தால் வாயைத் திறக்கும் முன்னால் மனசுக்குள் அந்த ஆளுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்யுங்கள். அவனுக்கும் ஒரு அவசரம் இருக்கும், அவன் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்று. கோபத்துக்கு அடங்கிப் போகாமல் இருக்க இது ஒரு வழி, எனக்கே உதவியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு படியேறி வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எப்படி அண்ணே, ஜெபிச்சீங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணு விடல பாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே முதல்ல அவனுக்காக ஜெபம் பண்ணிட்டு, அப்புறம்தான் திட்டினேன்."

உபவாசம்

இச்சையடக்கம் பற்றித் தொடர்ச்சியாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை, காலை தொடங்கி மத்தியானம் தாண்டும் வரை உபவாச ஜெபம் என்று அறிவித்தேன். நல்ல கூட்டம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். கீழே பாய் கடையில் கல் சூடாகும் நேரமும் எங்கள் ஜெபம் சூடாகும் நேரமும் ஒன்று. நெய் வாசனை படியேறி, கதவுக்கு அடியில் நுழைந்து, முன் வரிசை வரைக்கும் வந்தது. மாம்சம் பலவீனமானது என்று நான் விளக்க ஆரம்பித்தபோது ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கழிவறை கீழே, கடைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் யாரையும் கேட்க முடியவில்லை. போனவர்கள் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. வந்தவர்கள் முகத்தில் ஒரு புதுப் பிரகாசம். ஒரு பிரதரின் மீசை ஓரத்தில் பருப்புக் குழம்பு.

கடைசியில் ஆசீர்வாத ஜெபம் சொல்லி அனுப்பிவிட்டு, வெறும் வயிற்றோடும் வேகும் மனசோடும் நான் இறங்கினேன். பாய் கல்லாவிலிருந்து எழுந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக என் பக்கம் வந்தார். "பாஸ்டர், இனிமே உபவாசம் வைக்கிறதா இருந்தா முதல் நாளே சொல்லிடுங்க. மாவு கூடுதலா பிசைஞ்சு வச்சுடறேன்."

விடுதலைக் கூட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஸ்டீபனுடைய விஷயம் அப்படியில்லை.

ஸ்டீபன் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆராதனையில் அவன் டிரம்ஸ் வாசித்தால் தூணுக்கே தாளம் போடத் தோன்றும். மனைவி மலர் மருந்துக்கடையில் வேலை. ஆரம்பப் பள்ளியில் படிக்கும் ஒரு மகள். காலை ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் சந்தியில் ஒரு கோப்பிக்கடை. அங்கே கூட்டாளிகள், பீர், பீர் போதாதபோது சம்சு என்கிற மலிவுச் சாராயம். அப்புறம் வீட்டில் சத்தம், உடைந்த தட்டு, பயந்துபோய் கதவை மூடிக்கொள்ளும் பிள்ளை. ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து அழுவான். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு வேதனை. "எனக்குள்ள குடி ஆவி இருக்கு பாஸ்டர், அதைப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்பான். "தம்பி, ஆண்டவர் பலம் தருவார். அந்தக் கடைக்குப் போற காலை நீதான் திருப்பணும்" என்றால், என்னிடம் அபிஷேக வல்லமை குறைவு என்பதுபோல் பார்ப்பான்.

வெளியூரிலிருந்து ஒரு ஊழியர் வந்து, பிசாசை விரட்டும் விடுதலைக் கூட்டம் நடத்தினார். ஸ்டீபனின் தலையில் கை வைத்தார். அவன் தடாலென்று விழுந்தான், கத்தினான், அழுதான். "போய்விட்டது!" என்று ஊழியர் அறிவித்தார். சபையே எழுந்து கை தட்டியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் தட்டினேன். போயிருந்தால் எனக்கும் நல்லதுதானே. வாரம் திரும்புவதற்குள் ஒரு சாயங்காலம் மலர் போன் செய்தாள். போனேன். ஸ்டீபன் கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து கிடந்தான். "அது திரும்பி வந்துருச்சு பாஸ்டர்" என்று குழறினான். பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் மலரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவனை உள்ளே இழுத்துப் போட்டோம். மலர் அழவில்லை, சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "பிசாசு அன்னைக்கே போயிடுச்சு பாஸ்டர். இவருதான் இங்கயே இருக்காரு."

ஜெப விண்ணப்பம்

அடுத்த வாரம் மலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லாபிஸில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையின் பள்ளியை மாற்றவும் விசாரிக்கிறாள் என்று தெரிந்தபோது, இது கோபத்தில் போன போக்கில்லை என்று எனக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நான் சாந்தியிடம் மட்டும் சொன்னேன். சாந்தி வாயே திறக்கவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் குளுவாங்கிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பாஸ்டர் போன் செய்து, "உங்க சபை டிரம்மர் பெண்டாட்டி ஓடிப்போயிட்டாளாமே?" என்று கேட்டார்.

விசாரித்தேன். மலர் பையோடு பஸ் ஏறியதை ரூபி அக்கா பார்த்திருக்கிறார். பார்த்தவர் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, உருக்கமாக ஜெபித்திருக்கிறார். அந்த ஜெபத்தை அப்படியே பதிவு செய்து ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் ஸ்டீபன் பெயர், மலர் பெயர், பஸ் போன ஊர், உடைந்த தட்டு வரைக்கும் ஆண்டவருக்கு விளக்கமாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது. குழுவில் இருந்தவர்கள் தங்கள் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். புறங்கூறுவதும் பாவம்தான், குடிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, அதுவும் ஒரு குடும்பத்தைக் கொல்லும் என்று உட்காராமலே சொன்னேன். ரூபி அக்காவின் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. "நான் மனுஷங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல பாஸ்டர். ஆண்டவர்கிட்டதான் சொன்னேன். குரூப்ல இருந்தவங்க கேட்டுட்டாங்க."

நடுக்கம்

மனைவி போன அதிர்ச்சியில் ஸ்டீபன் குடியை ஒரேயடியாக நிறுத்தினான். யாருக்கும் சொல்லாமல், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். இரண்டொரு நாள் கழித்து தேவதாஸ் அண்ணன் சாப்பாடு கொண்டுபோய்ப் பார்த்தால், ஆள் வியர்வையில் நனைந்து கிடக்கிறான். கை கால் உதறுகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது, பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுகிறான். சுவரில் ஒன்றுமில்லை.

நான் போனபோது வீடு நிறைய ஆள். "வெளியே வரப்போகுது பாஸ்டர், அதான் இப்படிப் போட்டு ஆட்டுது. விடாதீங்க!" என்று ஜெபக்குழு சுற்றி நின்று அதட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அவன் நெற்றியில் கை வைத்தபோது அது கொதித்தது, அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. "தூக்குங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "பாஸ்டரே விசுவாசத்தை விட்டா நாங்க எங்க போறது?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நான் கார் கதவைத் திறக்க ஓடினேன். தேவதாஸ் அண்ணன் அவனைக் குழந்தைபோல் வாரித் தூக்கி என் காரின் பின் சீட்டில் போட்டார். வழியிலேயே ஸ்டீபனுக்கு வலிப்பு வந்துவிட்டது. பின் சீட்டில் அவனைப் பிடித்துக்கொண்டு அண்ணன் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கதற, நான் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். வாழ்நாளில் அன்றுதான் ஜாமில் முன்னால் நின்றவர்களை நானும் நாலு வார்த்தை சொன்னேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், நம்ம தமிழ்ப் பெண்தான், பேரைக்கூடக் கேட்காமல் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, அரைமணி நேரம் ஓடியாடி அவனை நிலைக்குக் கொண்டுவந்தாள். ரொம்ப நாள் குடித்த உடம்பு திடீரென்று குடியை நிறுத்தினால் இப்படித்தான் உதறும், உயிரே போகலாம், டாக்டர் துணையோடுதான் விட வேண்டும் என்று விளக்கினாள். "நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தோம் டாக்டர்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் ஒரு சின்னச் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தாள். "ஜெபம் பண்ணுங்க பாஸ்டர், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அடுத்த தடவை காரை ஸ்டார்ட் பண்ணிட்டு, வர்ற வழியில பண்ணுங்க."

சுற்று வழி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஸ்டீபன் மெலிந்துபோயிருந்தான். மாதாமாதம் டாக்டரைப் பார்க்கவும், மருந்து சாப்பிடவும் ஒப்புக்கொண்டான். ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. வேலை முடிந்து வரும்போது அந்தச் சந்தி வழியாக வராதே, செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு வா என்றேன். "அது கோழைத்தனம் பாஸ்டர். ஆண்டவர் கூட இருக்கும்போது நான் ஏன் ஓடணும்? அந்தக் கடை முன்னாடி தலை நிமிர்ந்து போகணும், அதுதானே ஜெயம்?" என்று வாதம் செய்தான். பிசாசை எதிர்த்து நிற்கச் சொன்ன அதே வேதம்தான், இச்சையைக் கண்டால் ஓடு என்றும் சொல்லுகிறது; எதற்கு நிற்பது, எதற்கு ஓடுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் விழுகிறோம் என்று தொண்டை வறளச் சொன்னேன். மண் ரோட்டில் லோரி சேறு அடிக்கும் என்றான். சேறு துவைத்தால் போய்விடும் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சபைக் கூடத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்டீபன். "பாஸ்டர், கடை முன்னாடி நிக்கிறேன்" என்றான். தலை நிமிர்ந்து போகிறேன் என்று போன மகராசன், கடைக்கு எதிரில் மோட்டார் நின்றுவிட, அதே இடத்தில் நிற்கிறான். கூட்டாளிகள் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். ஒருவன் கிளாசில் ஊற்றியும் வைத்துவிட்டான். "ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்" என்றான். "ஜெபம் நான் பண்ணிக்கிட்டேதான் இருக்கேன். நீ தள்ளு" என்றேன். "என்ன?" "மோட்டாரைத் தள்ளுடா! சபைக்குத் தள்ளிக்கிட்டு வா. போனை வைக்காத." "வெயில் கொளுத்துது பாஸ்டர்." "கொளுத்தட்டும்." "மேடு இருக்கு பாஸ்டர்." "இருக்கட்டும். தள்ளு!" கீழே பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் மாடியை அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன். நான் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் காரில் ஏற்றிக்கொண்டு வந்தால் நான் கொண்டு வந்ததாக இருக்கும். அவன் காலால் அந்த இடத்தை விட்டு அவனே வர வேண்டும். போனில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. நடுவில் கொஞ்ச நேரம் அதுவும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செய்த ஜெபம் எந்தக் கூட்டத்திலும் செய்ததில்லை; வார்த்தையே இல்லை, நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அவன் வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் செங்கல் நிறம். மோட்டாரைச் சாத்திவிட்டு படியிலேயே உட்கார்ந்தான். நான் இறங்கிப்போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் கேட்காமலே ஒரு பெரிய கிளாஸில் ஐஸ் லிமாவ், எலுமிச்சைச் சாறு, கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "வழி முழுக்க குடிக்கணும்னு தோணவே இல்ல பாஸ்டர். உங்களை ரெண்டு சாத்து சாத்தணும்னுதான் தோணுச்சு."

சாட்சி

அதற்குப் பிறகு அவன் மண் ரோட்டில்தான் வந்தான். சட்டையில் சேறு, வாயில் முணுமுணுப்பு. ஒரு தடவை தவறினான். அன்றைக்குத் தானே போன் செய்து, "விழுந்துட்டேன் பாஸ்டர்" என்றான். ஆவி என்று சொல்லவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை, விழுந்தேன் என்றான். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன்! மறுநாள் டாக்டரிடம் போனோம். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். மாதங்கள் போயின. மலர் லாபிஸிலிருந்து போனில் பிள்ளையைப் பேச வைத்தாள். தான் பேசவில்லை. நான் அவளை வற்புறுத்தவில்லை. மன்னிப்பது விசுவாசம்தான்; அதற்காகப் பயந்து வாழ்ந்த வீட்டுக்கு உடனே போ என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஒரு ஞாயிறு அவனைச் சாட்சி சொல்லச் சொன்னேன். கூடம் நிறைந்திருந்தது. தீயும் புகையுமாக ஒரு பிசாசுக் கதையை எதிர்பார்த்து ரூபி அக்கா முன் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் மலரும் பிள்ளையும் வந்து உட்கார்ந்திருந்ததை அவன் மைக்கைப் பிடித்த பிறகுதான் பார்த்தான். மைக்கைக் கை மாற்றிப் பிடித்தான். "நேத்து குடிக்கல" என்றான். "முந்தாநேத்தும் குடிக்கல. மண் ரோட்டுல வந்தேன். ஆண்டவர் கூட வந்தாரு. நாளைக்கும் அப்படித்தான் வரணும்." அவ்வளவுதான். மைக்கை வைத்துவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ரூபி அக்கா என் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானா பாஸ்டர்? பிசாசு எப்போ போச்சுன்னே சொல்லலையே?" என்று கிசுகிசுத்தார். நான் பாட்டைத் தொடங்கினேன்.

கூட்டம் முடிந்து மலர் என்னிடம் வந்தாள். ஸ்டீபன் தூரத்தில் பிள்ளைக்கு டிரம்ஸில் தட்டக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியாம்மா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது. அவள் கையில் சின்னப் பை ஒன்றுதான் இருந்தது. "பள்ளி லீவு முடியற வரைக்கும் இருக்கேன் பாஸ்டர். அவரு நல்லவரா ஆயிட்டாருன்னு சாட்சி சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸுல ஏறியிருப்பேன். நேத்து குடிக்கலன்னு சொன்னாரு பாருங்க, அதான் உட்கார்ந்தேன்."

பாவத்தை ஜெயிக்கப் பலம் தர ஆண்டவர் எப்போதும் தயாராகத்தான் இருக்கிறார். அதற்காகத் தினமும் கொஞ்சம் சேற்றில் சுற்றிப் போக வேண்டும் என்றால்தான் எங்கள் சபையில் எல்லாருக்கும், என்னையும் சேர்த்து, கால் வலிக்கிறது.